படகுத்துறைக் கிழவரின் நடை

மால்மோ நகரத்து வீடியோ கேம் ஸ்டுடியோ ஒன்றில் இல்வாவுக்கு ஆட்களை நடக்க வைக்கிற வேலை. வேறு யாரோ வரைந்து, வேறு யாரோ சட்டை போட்டு அனுப்பும் உருவம் அவள் மேசைக்கு வரும்போது கையை விரித்தபடி மரப்பொம்மை மாதிரி நிற்கும். அதற்கு மூச்சும் நடையும் கொடுத்து அனுப்புவாள். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தீவைப் பற்றிய விளையாட்டு. அதில் படகுத்துறையைக் காக்கும் கிழவர் ஒருவர் வருவார். அவர் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

இயக்குநர் மத்தீஸ் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவான். முப்பது வயசுக்காரன் கிழவன் வேஷம் போட்டு நடக்கிற மாதிரி இருக்கிறது என்பான். அவன் சொன்னது நிஜம்தான் என்பதால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் துறைமுக ஊரான த்ரெல்லபோரியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனாள். அப்பா ஸ்டூரே, ஜெர்மனிக்குப் போகிற கப்பல்களில் என்ஜின் பார்த்தவர். அம்மா போனபின் தனியாகவே இருந்தார். நடுக்குவாதம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சமையலறையிலிருந்து காபியை எடுத்துக்கொண்டு வந்தவர் நிலைப்படியில் சட்டென்று நின்றுபோனார். உடம்பு முன்னே சாய்ந்தது, பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு குட்டிக் குட்டி எட்டுகளாகத் தடதடவென்று வந்து நாற்காலியைப் பிடித்தார்.

"வாசப்படியைக் கண்டா என் கால் அனுமதி கேக்குது" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இல்வா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள், படம் எடுத்துக்கொள்ளலாமா என்று. விளையாட்டில் ஒரு நல்ல கிழவர், புத்திசாலி, அவருக்கு நடை வேண்டும் என்றாள். ஸ்டூரேவுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் நீலக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்தார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக அவள் போதும் என்று சொல்லும்வரை நடந்தார்.

அந்த நடையைப் பார்த்ததும் மத்தீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். இதைத்தான் இத்தனை நாள் கேட்டேன் என்றான். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டதற்கு, ஒரு வயசானவரைப் படம் எடுத்தேன் என்று மட்டும் சொன்னாள். வியாதி என்று சொன்னால் எல்லோருடைய முகமும் இளகிப் போகும். அந்த முகங்கள் அவளுக்கு வேண்டாம்.

விளையாட்டை வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தார்கள். தீவு அழகாக இருக்கிறது, ஆனால் அலுப்பாக இருக்கிறது என்றார்கள் வந்தவர்கள். ஒரே ஒரு இடத்தில்தான் சிரித்தார்கள். கிழவர் கதவருகே வந்து ஒட்டிக்கொண்டு நிற்க, ஆடுகிறவர்கள் அவரை வேண்டுமென்றே பின்னாலிருந்து இடித்தார்கள். அவர் தடதடவென்று ஓட, அறையே சிரிப்பில் குலுங்கியது.

பணம் போட்ட கம்பெனி ஏற்கெனவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பக்கத்துத் தெருவில் வேறொரு ஸ்டுடியோவைப் பூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முழுகுகிறவனுக்குக் கிடைத்த கட்டை மாதிரி மத்தீஸ் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டான். கை இன்னும் கொஞ்சம் நடுங்கட்டும், இடித்தால் கையிலிருக்கும் விளக்கு விழட்டும், கிழவரும் குப்புற விழட்டும் என்றான். இல்வா வீட்டுக்குப் போய் யோசித்தாள். மறுநாள் வந்து, அவன் சொன்னபடியே செய்து கொடுத்தாள். நன்றாகவும் செய்தாள். அதுதான் பின்னால் அவளை அதிகம் அரித்தது.

முன்னோட்டப் படம் வெளியாகி, கிழவர் விழுகிற துண்டை மட்டும் வெட்டி ஊரெல்லாம் பரப்பினார்கள். முகம் தெரியாதவர்கள் தங்கள் வீட்டுக் கதவருகே ஒட்டிக்கொண்டு நின்று விழுந்து காட்டும் படங்கள் வந்தன. பணம் போட்டவர்கள் கேக் அனுப்பினார்கள். காபி நேரத்தில் அதை வெட்டும்போது, இல்வாவின் பக்கத்து மேசைக்காரி டீஸா தட்டை நடுக்கிக்கொண்டே நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். இல்வாவும் பல்லைக் காட்டினாள்.

ஸ்டூரே தானாகவே தேடிப் பார்த்திருக்கிறார். மகள் செய்த வேலை எப்போது வரும் என்று காத்திருந்தவர் அவர். அன்று மத்தியானம் போன் வந்தது.

"பாத்தேம்மா. நடை அப்படியே வந்திருக்கு."

"அப்பா, நானே உனக்குச் சொல்லணும்னு..."

"அந்தக் கீழ விழற இடம். அது நான் செஞ்சு காட்டலையே?"

"இல்லப்பா. அது நான் சேத்தது."

"ஓ" என்றார். அப்புறம் வானிலை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் இல்வா அப்பா வீட்டுக்குப் போனபோது, கடைச் சாமான்களை யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தினம் ஒரு தடவையாவது கடைவீதிக்குப் போகாமல் இருக்க முடியாத மனிதர் அவர். கேட்டதற்குக் காற்று அதிகம் என்றார். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "முன்னெல்லாம் யார் பாக்கறாங்கன்னு நான் பாத்ததே கிடையாது. இப்போ அதைத்தான் பாக்கறேன். அதைப் பாத்தா கால் இன்னும் ஒட்டிக்குது."

திங்கட்கிழமை காலை இல்வா மத்தீஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அது யாருடைய நடை என்று சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டீங்களா?"

"நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

"எங்க அப்பான்னு தெரிஞ்சாத்தான் சிரிக்காம இருப்ப. அதானே?"

மத்தீஸ் மெதுவாக, இந்த மாடியில் இருப்பவர்கள் எல்லாருடைய வேலையும் இப்போது அந்தக் கிழவர் தலையில்தான் நிற்கிறது என்றான். நிறுத்தச் சொல்கிறாயா, சொல்லு, நிறுத்துகிறேன், ஆனால் அப்புறம் அவர்களிடம் நீயே பேசு என்றான். இல்வா கதவைத் திறந்துகொண்டு தன் மேசைக்குப் போனாள்.

விஷயம் எப்படியோ கசிந்தது. டீஸா கழிப்பறையில் அழுதுவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டாள். வேறு சிலர் இல்வா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அதையும் அவளால் குறை சொல்ல முடியவில்லை.

என்ன செய்வது என்று அப்பாவிடமே கேட்டாள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஆள். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். கத்தி தட்டில் தாளம் போட்டது.

"விழறதை எடுத்துடு. நடையை வை. என்னை மாதிரி நடக்கறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, ஒரு கதையிலயாவது நடந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா எங்கிட்ட மட்டும் காட்டாதே. நான் பாக்க மாட்டேன்."

மத்தீஸ் அதற்காகச் சண்டை போட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பணம் போட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பழைய முன்னோட்டத்தை மட்டும் எடுக்க மாட்டோம் என்றார்கள். இல்வா ராத்திரி ஆபீசில் தங்காமல், அவசரம் இல்லாமல், கிழவரைத் திரும்பச் செய்தாள். இப்போது இடித்தால் அவர் நின்று, திரும்பி, இடித்தவரை நேராகப் பார்ப்பார்.

இலையுதிர் காலத்தில் விளையாட்டு வெளியாயிற்று. சுமாராக விற்றது. ஸ்டுடியோ பிழைத்துக்கொண்டது. விழுகிற கிழவர் எங்கே, ஏமாற்றிவிட்டார்களே என்று ஆட்கள் எழுதினார்கள். வெளியான வாரமே, விளையாட்டுக்குள் புகுந்து மாற்றத் தெரிந்த யாரோ ஒருவர் முன்னோட்டத்தைப் பார்த்து அந்த விழுதலை மறுபடி செய்து, யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டார். இல்வா அதை ஒரே ஒரு தடவை பார்த்தாள். மோசமான வேலை. கை, முழங்கால் எதுவுமே சரியில்லை. ஜனங்கள் அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் மறுபடி வெளியே போக ஆரம்பித்தார், அவள் கூட வந்தால் மட்டும். ஒரு சனிக்கிழமை கடைவீதியில் எதிரே கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு தங்கள் பாட்டுக்குத்தான் வந்தார்கள். ஸ்டூரே சட்டென்று நின்று, இரும்புச் சாமான் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்வாவும் கூடவே நின்று உள்ளே பார்த்தாள்.

"அந்தத் துளை போடற மெஷின் நல்லா இருக்கு, இல்ல?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குப்பா."

கும்பல் பேசிக்கொண்டே கடந்து போயிற்று. தெரு காலியான பிறகும் அவர் அசையவில்லை. கால் விடுபடட்டும் என்று இருவரும் அந்த மெஷினையே பார்த்தபடி நின்றார்கள்.