செர்லோ பெருமகன் மறுத்த பிள்ளை

செவேர்ன் ஆற்றின் மேற்படிந்த பனி மெல்ல விலக, குன்றின்மேல், இங்கிலாந்தை வென்ற நார்மானியர் எழுப்பிய கற்கோட்டை இளவெயிலிற் சிவந்து தோன்ற, அதன் அடிவாரத்து ஓக்கு மரத்தின்கீழ் எம்மூர் மக்கள் அனைவரும் மழைக்கு ஒதுங்கிய ஆடுகளைப்போல் நெருங்கி நின்றனர். நடுவே வைக்கோலிற் கிடந்தது, காட்டில் யாரோ குத்திப்போட்ட லியோவின் என்னும் இருபது அகவை இளைஞனின் உடல்.

கொன்றவன் அகப்படாவிடின், இறந்தவனை நார்மானியன் என்றே கொள்வது அரசனது சட்டம். அவன் தந்தைவழி ஆங்கிலேயன் என உறவினர் ஆணையிட்டால் ஊர் தப்பும். இல்லையேல் உழவுமாட்டையும் விதைக்கோதுமையையும் பறிகொடுத்தாலும் தீராத தண்டம் எம் தலைமேல் விழும். சென்ற ஆண்டுப் பஞ்சத்தில் பாதியாய்க் குறைந்த எமக்கு அது சாவேயாகும்.

லியோவினைப் பெற்றவர் கோட்டைக்குரிய நார்மானியராகிய செர்லோ பெருமகனே என்பதை எம்மூரில் அறியாதார் இலர். வாய்விட்டுச் சொன்னாரும் இலர். மணந்த மனைவியிடம் மகப்பேறின்றிப் போன அம்மனிதர், தம் முகத்தையே உரித்துவைத்தாற்போற் பிறந்து தம் குதிரைகளுக்குப் புல்லிட்ட மகனை, ஒருநாளும் பெயர்சொல்லி அழைத்திலர். தம் கோழைத்தனத்திற்குக் குலப்பெருமை என்று பெயரிட்டு வாழ்ந்தார். இப்பொழுதோ, முன்னோர் துயிலும் இடத்தில் தம் மகனென்று சொல்லி அவனை அடக்கவேண்டும் என்னும் ஆசை அவரைப் பிடுங்கித் தின்றது. சாவை விசாரிக்க அரசனின் ஆணையர் வருமுன்னே, தாயாகிய எல்சுவித்தைத் தனியே அழைத்து அதனைச் சொன்னார்.

அவள் அழவில்லை.

“புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு உங்க வாசல்ல எத்தன நாள் நின்னேன் ஐயா. அப்பச் சொல்லல. இப்பச் சொன்னா செத்தவன் எந்திரிச்சு வரமாட்டான், இருக்கிறவங்கதான் சாவாங்க. இடையன் துன்னிங், தான்தான் அப்பன்னு ஆணையிடப் போறாரு. நீங்க சும்மா இருங்க.”

“அவன் என் மகன், எல்சுவித்.”

“அது எனக்குத் தெரியும். உங்க வாயால அவன்தான் கேக்காமப் போயிட்டான்.”

ஆணையர் வந்தார். துன்னிங்கும் அவன் உடன்பிறந்தார் இருவரும் திருநூலின்மேற் கைவைத்து ஆணையிட்டனர். ஆணையரோ பிணத்தின் முகத்தையும் பெருமகனின் முகத்தையும் மாறிமாறி நோக்கி, சாயல் ஒத்திருக்கிறதே, இவன் யார் என்று வினவினார். எல்சுவித் நிலத்தையே பார்த்திருந்தாள்.

“லாயத்துல புல்லுப் போடுறவன்,” என்றார் செர்லோ. “ஆங்கிலேயன்தான். பேரு நினைவில்ல.”

ஊர் பிழைத்தது. உழவர் இடுகாட்டிற்கு உடல் சென்றபோது பெருமகன் பின்தொடரவில்லை. புல்லிடுவோன் பாடையின்பின் கோட்டைத்தலைவன் நடந்தால் ஆணையரின் ஐயம் மீளும். ஆதலால் கோட்டை விருந்து மேசையில் ஆணையருக்கு எதிரே அமர்ந்து சிரிக்கவும் வேண்டியதாயிற்று. உரிய காலத்தில் சொல்லாத மெய், பின்னர்த் தன்னை ஒளித்தவனையே சிறைவைக்கும், அறிவுடையீர்!

அப்பொழுது கோயில் மணி ஒலித்தது. மணி யாருக்கென்று தெரிந்தும், பேச்சுக்காக ஆணையர், அந்தப் பையனுக்குத்தானே என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்த செர்லோ, கையிலெடுத்த அப்பத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.