தப்பான பக்கத்து அம்புக்குறி

அறுவை சிகிச்சைக்கு முன், எந்தப் பக்கம் கத்தி வைக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். முப்பத்திரண்டு மணி நேரம் கண் மூடாத பயிற்சி டாக்டரான நான் அதையும் கோட்டைவிட்டேன்.

நோயாளி ஒரு தையல்காரர். வலப்பக்கம் குடலிறக்கம். முழுதாக என் பொறுப்பில் விட்ட முதல் ஆபரேஷன்; மூன்று மாதம் தவம் கிடந்து வாங்கியது. குனிந்து, ரசித்து வரைந்தேன்.

"டாக்டர், நானும் துணியில குறி போடுறவன்தான். தப்பா நினைக்காதீங்க. வீக்கம் அந்தப் பக்கம்."

பார்த்தேன். அம்பு என்னவோ அழகாகத்தான் இருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. எங்கள் பிரிவில் 'முடியவில்லை' என்று வாய் திறந்தவனுக்கு அப்புறம் கத்தி கிடைக்காது. பஞ்சை எடுத்தேன், நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. இந்தக் கையா இவர் வயிற்றைத் திறக்கப்போகிறது?

பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"மேடம், தப்பான பக்கம் குறி போட்டுட்டேன். அவர்தான் கண்டுபிடிச்சார். இன்னிக்கு என்னால முடியாது."

"உன் வயசுல நான் நாப்பது மணி நேரம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அதுல என்னென்ன தப்பு பண்ணேனோ, யாருக்குத் தெரியும்? வா."

தையல்காரரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "இன்னிக்கு நான் பண்ணட்டுமா, நாளைக்கு இவன் பண்ணட்டுமா?"

தையல்காரர் என்னை ஏற இறங்க அளவெடுத்தார். "தங்கமான புள்ளைதான் மேடம். ஆனா காலையிலேர்ந்து பட்டினி, தாங்கல. நீங்களே முடிச்சிடுங்க."

போச்சு, மூன்று மாதத் தவம்.

டாக்டரம்மா பணிப் பலகையில் அன்றைய இரவுக்கு எதிரே இருந்த என் பெயரை அழித்து, தன் பெயரை எழுதினார். நர்ஸ் அக்கா வாயைப் பிளந்தார்.

"மேடம், டியூட்டி ரூம் கட்டில் ஒரு கால் ஆடும்!"

"ஆடட்டும். நான் விழுந்தாத்தான் புதுசு வரும்." என் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ. இங்க எங்கயாவது படுத்தே, எவனாவது எழுப்பி வேலை வாங்குவான். அடுத்த வாரம் ஒரு கேஸ் தர்றேன், தூங்கிட்டு வந்தா."

பஸ்ஸில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பினார். அதே பஸ்ஸில் திரும்பினேன். மறுபடியும் என் நிறுத்தம் போய்விட்டது.