மச்சினனுக்கு முட்டு

அந்தச் சின்னக் கருவி காதில் நிற்கவே மாட்டேன் என்றது. டிவி நிலையத்து ஒலிக்காரன் மறுபடியும் அமுக்கிப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு வந்து கோட்டுக் காலரில் விழுந்தது.

"அண்ணே, உங்க காதுல ஓட்டை எங்கண்ணே இருக்கு?"

"வச்ச இடத்துலதான் இருக்கும். தேடிப் பாரு."

ரக்பியில் முன்வரிசைக்காரன் காது அப்படித்தான் ஆகும். இந்தப் பக்கம் எட்டு பேர், அந்தப் பக்கம் எட்டு பேர் தோளோடு தோள் பூட்டிக் குனிந்து, தலைக்கு நடுவே தலையைச் செருகி, மாடு மாதிரி தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் தேய்ந்து தேய்ந்து அவன் காதுகள் இரண்டும் பிசைந்து எறிந்த மாவுபோல ஆகிவிட்டிருந்தன. சாயப்போகிற சுவருக்குக் கட்டை முட்டுக் கொடுக்கிற மாதிரி வரிசை சாயாமல் தாங்குவது அவன் வேலை. அதனால் அணியில் அவனுக்கு முட்டு என்றே பேர். பெண்டாட்டி வீட்டார்கூட அப்படித்தான் சொல்வார்கள், அவன் இல்லாதபோது.

முழங்கால்கள் போன பிறகு, ஆட்டத்தைப் பற்றிப் பேச டிவியில் கூப்பிட்டார்கள். அப்பாவைப் போலச் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கலாம் என்றால், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே கைப்பிடி வேண்டியிருந்தது. உட்கார்ந்தபடி செய்கிற வேலை என்று அவனுக்கு வாய்த்தது இது ஒன்றுதான். அதுவும் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

"சார், போன வாரம் நிகழ்ச்சி முழுக்க நீங்க பேசினது 'நல்லா தள்ளினாங்க', அவ்வளவுதான்," என்று தயாரிப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். "தோத்தவங்களுக்கும் அதே. ஜெயிச்சவங்களுக்கும் அதே. இன்னிக்கும் இப்படியே போச்சுன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பார்க்கணும்."

அவன் என்ன செய்வான்? இத்தனை வருஷம் ஆடி அவன் கண்டதெல்லாம் புல்லும் எதிராளியின் பூட்ஸும்தான். பந்து எங்கே போனது, யார் ஓடினான் என்பதெல்லாம் அவனுக்கே மறுநாள் பேப்பரில்தான் தெரியும்.

இது போதாதென்று வீட்டில் வேறு கண்டிஷன். அவன் விட்ட இடத்தில் இப்போது ஆடுவது பெண்டாட்டியின் தம்பி. நேற்றைய ஆட்டத்தில், முடிகிற நேரத்தில், அந்தத் தம்பி பக்கம் ஸ்க்ரம் சரிந்து விழுந்தது. நடுவர் தண்டனை கொடுத்தார். அதிலேயே தோற்றார்கள்.

"என் தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள், அவன் கிளம்பும்போது கோட்டில் பஞ்சு பொறுக்கிக்கொண்டே.

"கேட்டா என்ன சொல்ல?"

"புல்லு வழுக்கிருச்சுன்னு சொல்லுங்க."

"மழையே பெய்யலையே."

"அப்ப வேற ஏதாவது வழுக்கட்டும்."

கடைசியில் ஒலிக்காரன் பிளாஸ்திரி போட்டுக் கருவியைக் காதோடு ஒட்டினான். தயாரிப்பாளரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வெளிச்சம் சுட்டது. பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்துப் பட்டியில் இறங்கியது. பக்கத்து நாற்காலியில் மின்னல் உட்கார்ந்திருந்தான். அவனும் பழைய ஆட்டக்காரன்தான். மைதானத்தின் ஓரத்தில் ஓடியே அந்தப் பேர் வாங்கியவன். காது, மூக்கு, பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சக்கரம் வைத்த நாற்காலியில் சுழன்று சுழன்று சிரித்தான்.

ஸ்க்ரம் சரிந்ததைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, "யார் தப்பு?" என்று தொகுப்பாளினி முட்டுவைப் பார்த்துக் கேட்டாள்.

"புல்லு வழுக்கியிருக்கும்."

"நேத்து வெயில் கொளுத்துச்சே சார்."

"பூட்ஸு புதுசா இருக்கும்."

மின்னல் தொடையைத் தட்டிச் சிரித்தான். "விடும்மா. பேரே முட்டு. மச்சினனுக்கு முட்டுக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பாரு?"

முட்டுவின் பிடரியில் ஜிவுஜிவு என்று சூடு ஏறியது. முட்டுக் கொடுப்பது என்றால் என்ன என்று இவனுக்குத் தெரியுமா? முதுகில் எட்டு பேர் கனம் இறங்கும்போது பல்லைக் கடித்து நின்றிருக்கிறானா? அந்த வார்த்தை, சப்பைக்கட்டுக் கட்டுகிற பயல்களுக்கான வார்த்தையாகிவிட்டது.

"எந்திரி," என்றான்.

"என்ன?"

"எந்திரிச்சு குனி. முட்டுன்னா என்னன்னு காட்டுறேன்."

மின்னல் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எழுந்து குனிந்தான். முட்டு கைப்பிடியை ஊன்றி எழுந்து, அவன் முதுகுக் கோட்டைக் கொத்தாகப் பிடித்துத் தோளைக் கொடுத்தான். வேர்வையில் ஊறிய பிளாஸ்திரி அப்போது கழன்றது. கருவி மார்பில் தொங்கியபடி, "விளம்பரம் போ, விளம்பரம் போ" என்று கத்தியது. அவன் காதில் விழவில்லை. தொகுப்பாளினி கையை ஆட்டினாள். அவள் பக்கம் அவன் முதுகுதான் இருந்தது.

"கை இங்க இருக்கணும். மேல. அப்பத்தான் தாங்க முடியும். தாங்க முடியாதவன் கையைக் கீழ விட்டு எதிராளியை இழுப்பான். நேத்து என் மச்சினன் பண்ணது அதைத்தான்." இழுத்தும் காட்டினான். மின்னல் தன் நாற்காலியில் மோதி, அதோடு உருண்டு தரையில் போய் விழுந்தான். கோட்டு முதுகில் தையல் விட்ட சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. "இழுக்கறதுன்னா நடுவர் பார்க்காத பக்கமா இழுக்கணும். அந்த மடையனுக்கு அதுவும் தெரியல."

அப்புறம்தான் மார்பில் தொங்கியதைப் பார்த்தான். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்த தயாரிப்பாளர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை முதல் வாரமே செஞ்சிருக்கலாமே சார். போன் நிக்கவே இல்ல. அடுத்த வாரம் மச்சினனையும் கூட்டிட்டு வாங்க. பக்கத்துலயே நாற்காலி போடறோம்."

"அவன் வரமாட்டான்."

"வரவைங்க. ரெண்டு பேரும் வந்தாத்தான் நிகழ்ச்சி. இல்லைன்னா மறுபடியும் 'நல்லா தள்ளினாங்க'ன்னு ஆயிடும்."

அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். பேசாவிட்டால் நாற்காலி போகும். பேசினால் வீடு போகும்.

கதவைத் திறந்தபோது மச்சினன் சாப்பாட்டு மேஜையில் இருந்தான். அவன் அக்கா எதிரே நின்று, காய்ந்த தட்டையே தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்தேன்னு சொன்னதுகூடப் பரவாயில்ல மாமா," என்றான் மச்சினன். "இழுக்கத் தெரியலைன்னீங்களே. உடை மாத்தற ரூம்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"தெரியலதானே."

"நீங்க சொல்லித் தந்தீங்களா?"

தட்டு மேஜையில் 'டொக்' என்று விழுந்தது. முட்டு சட்டென்று விஷயத்தைப் போட்டு உடைத்தான்: அடுத்த வாரம், நாற்காலி, ரெண்டு பேரும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

மச்சினன் தட்டை ஓரமாக நகர்த்தினான். "கோட்டு அவங்களே தருவாங்களா?"

"தருவாங்க."

"அப்ப வரேன். அந்த நடுவரைப் பத்தி எனக்கும் நாலு வார்த்தை இருக்கு."

முட்டு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் துணியை உதறித் தோளில் போட்டாள்.

"போகட்டும். ஆனா அவனுக்கு நீங்க ஒழுங்கா முட்டுக் கொடுக்கணும்."

"எந்த முட்டு? மின்னல் சொன்ன முட்டா, நான் ஆடறப்ப கொடுத்த முட்டா?"

"நீங்க மைதானத்துல கொடுத்தீங்களே, அதே முட்டு," என்றாள். "தலையைக் குனிஞ்சு, வாயை மூடிக்கிட்டு."