ஜெபத்தில் முதல் ஆள்

காலை ஜெபம் முடியாமல் அந்த வீட்டில் அடுப்பு பற்றியதில்லை. அப்படி ஒழுங்கோடு நடந்த குடும்பம். கட்டிலோரம் முழங்காலிட்டு, கைகோத்து, கணவன் ஜெபிப்பான். மனைவி ஆமென் சொல்வாள். ஒரு வாரமாக அவள் அந்த ஆமெனை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் பாட்டு டீச்சர். சபையின் பாடகர் குழுவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றவர். தச்சுப் பட்டறை வைத்திருந்த கணவன் தினமும் முதலில் ஜெபித்தது அந்த அம்மாளுக்காக. "ஆண்டவரே, பாட்டு டீச்சரை ஆசீர்வதியும். அவங்க தொண்டையைக் காத்துக்கொள்ளும்." அதன் பிறகு மாமியார், அப்புறம் பட்டறை, கடைசியில்தான் மனைவி.

அவளுக்கு வயிறு எரிந்தது. சலவைக்கடையில் குழுவின் வெள்ளை அங்கிகளைத் தேய்ப்பவள் அவள்தான். டீச்சரின் அங்கிக் கழுத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். துணி பழுப்பேறியது, மனம் ஆறவில்லை. யாரிடம் சொல்வது? வீட்டுப் பேச்சு வாசல் தாண்டினால் மானம் போயிற்று.

மறுநாள் காலை கணவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"என்னடி?"

"அவங்க கையையே பிடிச்சுக்குங்க."

"யாரு கையை?"

"தொண்டைக்குக் காவல் கேக்குறீங்களே, அந்த மகராசி கையை!" அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உள்ளதைச் சொல்லுங்க. இனிமே நான் உங்க பக்கத்துல முழங்கால் போடணுமா, வேண்டாமா?"

அவன் காதுமடல் சிவந்தது.

"எனக்கு அந்தம்மாவைக் கண்டாலே ஆகாதுடி. பாடகர் குழுவுக்கு முன்னாடி நான் தலைமையா நின்ன இடம் அது. அவங்க வாயைத் திறந்தா, தொண்டை கட்டிக்காதான்னு மனசு ஏங்குது. போதகர்கிட்ட சொன்னேன். யாரு மேல பொறாமையோ, அவங்களுக்காக முதல்ல ஜெபம் பண்ணுன்னாரு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் தலை குனிந்தாள். "நான் அவங்க அங்கியைத் தீய்ச்சுட்டேன்."

"நெசமாவா? எங்க?" அவன் முகம் மலர்ந்தே போனது. சட்டென்று அடக்கிக்கொண்டான். "சாயங்காலம் போய்ச் சொல்லிடுவோம். புதுசு தைச்சுக் கொடுத்துடலாம். நானும் கூட வர்றேன்."

சொன்னபடியே போனார்கள், தலை நிமிர்ந்தே திரும்பினார்கள்.

அடுத்த நாள் காலை கைகோத்தார்கள். "ஆண்டவரே, முதல்ல என் மனைவியை..." என்று தொடங்கினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏங்க, என் மேல என்ன கோபம்?"

"கண்ணை மூடுடி."

மூடினாள். ஆமென் அடுத்த அறைவரை கேட்டது.