சோபாக்காரரின் சைக்கிள் கால்சட்டை

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த சோபாக்காரருக்கு ஒரு சந்தேகம். இது கால்சட்டையின் விலையா, பக்கத்தில் நிற்கிற சைக்கிளின் விலையா? கால்சட்டையின் விலைதான் என்று கடைக்காரர் கூசாமல் சொன்னார்.

"இந்தக் காசுக்கு ரெண்டு பேர் உக்கார்ற சோபாவே செஞ்சு குடுத்துடுவேன் சார், கைப்பிடியோட."

"குடுப்பீங்க. அதை இடுப்புல மாட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்ட முடியாதே," என்றாள் மனைவி.

சோபாவுக்குச் சட்டம் அடித்து, ஸ்பாஞ்சு வெட்டி, துணி தைத்து மூடுவது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் உட்காரும் இடத்தைப் பற்றி யோசித்தே தலை நரைத்த மனிதர். அவருக்குப் போய், தான் உட்காரும் இடத்தில் இப்படி ஒரு சோதனை வந்திருக்க வேண்டாம்.

வந்தது போன வருஷம். நூறு கிலோமீட்டர் ஜோடி சவாரி. இரண்டு பேர் சேர்ந்தே கிளம்ப வேண்டும், சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவர் பின்னால் வரும் வேனில் ஏறிவிட்டால் மற்றவரும் ஏறியாக வேண்டும். வீட்டில் போடுகிற பருத்தி டிரவுசரும் தொளதொள பனியனுமாகக் கிளம்பிய சோபாக்காரருக்கு, எழுபதாவது கிலோமீட்டரில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேனுக்குக் கை காட்டினார். மனைவியும் சைக்கிளை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் மனிதர் அன்றைக்கே மறந்திருப்பார். அவள் திட்டவில்லை. அதுதான் ஒரு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பையே பார்த்துப் பழகியதால் தோல் உரிந்த கதையெல்லாம் அவளிடம் எடுபடாது என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவே கொழுந்தியாள் வேறு கிளம்பினாள். "அக்கா, இந்த வருஷம் நான் உன்கூட வரேன். அத்தான் பாவம், வீட்ல காலை நீட்டி உக்காந்திருக்கட்டும்."

"அவரே சொல்லட்டும்," என்றாள் மனைவி.

அதைக் கேட்ட ராத்திரி சோபாக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகள்தான் அந்த மனிதரின் வாரத்திலேயே உருப்படியான நேரம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை, மனைவியின் தங்கச்சிக்குக்கூட. அதனால்தான் இந்தக் கடை, இந்த விலைச்சீட்டு.

விலைச்சீட்டு ஜெயித்தது. சோபாக்காரர் இருப்பதிலேயே மலிவான, உடம்போடு ஒட்டுகிற கால்சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"உள்ள மெத்தையே இல்லையே?" என்றாள் மனைவி.

"மெத்தையா? யார்கிட்ட கேக்கிற?"

அன்று மாலை பட்டறையில் ஒரு படைப்பு உருவானது. நல்ல மிருதுவான ஸ்பாஞ்சு, மூன்று விரல் கனம். மேலே வழுவழுத் துணி. ஓரம் பிரியாமல் இருக்கக் கெட்டியான விளிம்புத் தையல். நடுவில் ஒரு பித்தான் வைத்து இழுத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றுகூட நினைத்தார். ஏதோ ஒரு புண்ணியத்தில் அதை மட்டும் செய்யாமல் விட்டார்.

போட்டுக்கொண்டு வந்து நின்றதும் கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தான், குழந்தைக்குக் கட்டுற மாதிரி இல்ல?"

"சிரி, சிரி. ரோட்டுல பாரு."

மூன்று பேரும் சைக்கிளில் கிளம்பினார்கள். ரோட்டில் எல்லோரும் பார்த்தார்கள். முதல் அரை மணி நேரம் மேகத்தின் மேல் போவதாகவே இருந்தது. பிறகு மேகம் இறங்கியது. மிருதுவான ஸ்பாஞ்சு அமுங்கி அப்பளமாகிவிட, அவர் அத்தனை அக்கறையாகப் போட்ட விளிம்புத் தையல் தொடை இடுக்கில் ரம்பமாக வேலையை ஆரம்பித்தது. போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. ஸ்பாஞ்சு தன் குணத்தைக் காட்டி, வந்த தண்ணீரையெல்லாம் வஞ்சனையில்லாமல் குடித்தது. சிக்னலில் நிறுத்தி மறுபடி சீட்டில் உட்கார்ந்தாரோ இல்லையோ, குடித்த தண்ணீர் மொத்தமும் இரண்டு கால் வழியாகவும் இறங்கி ஓடியது. பக்கத்துக் காரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். கொழுந்தியாள் சிரித்த சிரிப்பில் சைக்கிளை நடைபாதையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தே போனாள். மனைவி மட்டும் அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் அவளும் வெடித்தாள். சோபாக்காரருக்கு மானம் போனது என்னவோ உண்மை. ஆனால் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

சவாரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேறெங்கோ வாங்கிய சோபாவோடு ஒரு வாடிக்கையாளர் பட்டறைக்கு வந்தார். "எவ்வளவு கனமா இருக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினேங்க. ஆறே மாசத்துல பள்ளமாயிடுச்சு."

சோபாக்காரர் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டார். "கனத்தைப் பாத்து ஏமாறலாமா சார்? கட்டைவிரலால அமுக்கிப் பாக்கணும். பொசுக்குனு உள்ள போனா வேண்டாம். விரலை எதிர்த்துத் தள்ளணும், அதுதான் சரக்கு. ஒல்லியா இருந்தாலும் ஆளைத் தாங்கும். அப்புறம், உக்கார்ற இடத்துல தையலே வரக்…"

பாட்டு பாதியில் நின்றது. வாடிக்கையாளர் சோபாவைப் பார்த்தார், சோபாக்காரரைப் பார்த்தார். சோபாக்காரர் தன் நெற்றியில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்க சார்," என்று பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடினார்.

சைக்கிள் துணிக்கடையில் அன்று நடந்ததைக் கடைக்காரர் சாகிறவரை மறக்க மாட்டார். இருந்த கால்சட்டைகளையெல்லாம் உள்பக்கம் வெளியே திருப்பி, வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மெத்தையையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனார் சோபாக்காரர். அன்றைக்குப் பார்த்த விலை கூடின கால்சட்டை பாஸானது. அதைவிடக் கொஞ்சம் குறைந்த இரண்டு ஃபெயில். கடைசியில், மூலையில் தள்ளுபடிக் கூடையில் கிடந்த ஒன்று விரலை எதிர்த்துத் தள்ளியது. மெத்தை ஒல்லி, ஆனால் நெருக்கம். நடுவில் தையலே இல்லை. இடுப்பில் நாடா இறுக்காமல் தோளில் பட்டை தாங்கும் வகை. தொடையில் அகலப் பட்டி, சுருண்டு ஏறாது.

"இது ஏன் இவ்வளவு மலிவு?"

"போன வருஷத்து மாடல் சார். அப்புறம், கலர்…"

கலர் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. அதே கலரில் மேல்சட்டையும் இருந்தது. வியர்வையைப் பிடித்து வைக்காத மெல்லிசுத் துணி, முழு ஜிப், முதுகில் மூன்று பை. இரண்டுக்கும் சேர்த்தே, அன்றைக்குப் பார்த்ததில் பாதிகூட வரவில்லை. போட்டுக் கண்ணாடி முன்னால் நின்ற சோபாக்காரர் தன் தொப்பையின் முழு விவரத்தையும் முதல்முறையாகப் பார்த்தார்.

"நின்னு பாக்காதீங்க சார். சைக்கிள்ல இருக்கிற மாதிரி குனிஞ்சு பாருங்க. குனியும்போது பிடிக்காம இருந்தா அதுதான் உங்க அளவு." கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணு. உள்ள ஜட்டி போடக் கூடாது. அதோட தையல்தான் தோலைக் கிழிக்கும்."

சோபாக்காரர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மெதுவா சொல்லுங்க சார், மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு." ஆனாலும் சொன்னபடியே செய்தார்.

சவாரி அன்று அவரைப் பார்த்து மனைவி கண்ணைச் சுருக்கினாள். "அடுத்த ஊர்ல இருந்தே தெரியுமே!"

"நீ தொலைஞ்சு போக மாட்டே, அவ்வளவுதான்."

போன வருஷம் கை காட்டிய இடம் எப்போது போனது என்றே சோபாக்காரருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குப் பட்டறைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எதுவும் உரசவில்லை, எதுவும் படபடக்கவில்லை, முதுகில் வியர்வை வந்ததும் காய்ந்தது. எண்பது தாண்டியதும் எதிர்க்காற்று வந்தது. கதைக்கு 'உம்' கொட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் மனைவி ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேன்.

சோபாக்காரர் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கால் ரெண்டும் கல்லாயிடுச்சு," என்றாள். இன்னும் நாலு மிதி மிதித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? போன வருஷமும் இப்படித்தான். நீங்க மட்டும் அன்னிக்கு வேனுக்குக் கை காட்டலேன்னா, அடுத்த அஞ்சு நிமிஷத்துல நான் காட்டியிருப்பேன்."

சோபாக்காரருக்குக் காதில் விழுந்தது புரியவே ஒரு வளைவு தாண்ட வேண்டியிருந்தது. "அடிப்பாவி! ஒரு வருஷம்! ஒரு வருஷமா நான் தூங்காம…"

"நீங்க அவ்வளவு பவ்யமா வீட்டு வேலையெல்லாம் செஞ்சீங்களா… சொல்ல மனசு வரல."

கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். சிரிப்புதான் வந்தது. ஒரு வருஷத்துப் பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கிப் போனது. வேன் பக்கத்தில் வந்து, ஏறுகிறீர்களா என்று ஹாரன் அடித்தது. மனைவி அவரைப் பார்த்தாள்.

"நீ சொன்னா ஏறிடலாம்," என்றார். "இல்லேன்னா என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா. இவ்வளவு அகலத்துக்கு ஒரு காத்தும் உன் மேல படாது."

அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் வந்தாள். தன் அகலத்துக்காக இத்தனை வருஷம் கூசிய மனிதர், அன்று அதை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டு மிதித்தார். வேன் அலுத்துப்போய்ப் பின்தங்கியது.

எல்லோருக்கும் கடைசியாக முடிவுக் கோட்டுக்கு வந்தார்கள். நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியாள் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "ஏன் இவ்வளவு லேட்டு? அத்தான்தானே?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் சோபாக்காரர் முந்திக்கொண்டார். "நான்தான். காத்து ஜாஸ்தி, மெதுவாப் போகலாம்னு கெஞ்சினேன். உங்கக்கா என்னை இழுத்துக்கிட்டு வந்தா."

"அதானே பாத்தேன்! அக்கா, அடுத்த வருஷம் பேசாம நான் வரேன்."

மனைவி அந்த ஆரஞ்சு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ வேற ஆளைப் பாத்துக்கடி," என்றாள். "இந்த மனுஷனை நான் யாருக்கும் விடறதா இல்ல."

சோபாக்காரர் சைக்கிளை விட்டு இறங்கவே மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார்.