அணைக்காத கணினி

மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதிலிருந்து அப்பா கணினியை அணைத்ததே இல்லை. அது ஆமையாய் நகரத் தொடங்கியதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும் சார்," என்றார் மெக்கானிக். பொத்தானை அமுக்கியதும் திரை எச்சரித்தது: 'இன்னொருவரும் இந்தக் கணினியில் இருக்கிறார். அணைத்தால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.'

"உங்க பொண்ணு தன் கணக்குலேருந்து லாக்-அவுட் பண்ணாமலே போயிட்டாங்க போல. அணைச்சிடவா?"

"கைய எடுய்யா!" அப்பா மவுஸைப் பிடுங்கி 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். "மெதுவாவே ஓடிட்டுப் போகட்டும். உனக்கென்ன?"

மெக்கானிக் முணுமுணுத்தபடி கிளம்பினார். சாப்பாட்டு வேளையில் அப்பா, வழக்கம்போல, அணைக்கும் பொத்தானைத் தானே அமுக்கினார். 'இன்னொருவரும் இருக்கிறார்' என்றது திரை. நிதானமாகப் படித்துவிட்டு 'வேண்டாம்' என்றார். அதற்கப்புறம்தான் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கும்.