நாற்பத்தேழு கீறல்

முனாப் பாஸ் எனக்குத் தரவேண்டியது முப்பத்தையாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபா. நாற்பத்தேழு நாள் கூலி, நாளுக்கு எழுநூற்றைம்பது. சுனாமியில் கடலடித்து மூன்றாம் வருஷம் அவர் கொந்தராத்து எடுத்த வீட்டுத்திட்டத்தில் நான் கலவை குழைத்துச் சுமந்த கணக்கு அது. "பில் பாஸாகட்டும் லெவ்வ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பில் பாஸானது, அவர் லொறி வாங்கினார். நான் கேட்டுப் போன நாட்களுக்கும் கூலி போட்டால் தொகை இன்னும் கூடும்.

அந்த மனுஷன்தான் போன பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, என் வாசலில் வந்து நின்றார். என்னைத் தேடி வரவில்லை. வீடு வாங்க வந்த அஸீஸா, சுவரைத் தட்டிப் பார்த்து விலை சொல்வதற்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும். கல்முனைக்குடியில் எட்டுப் பேர்ச் காணியில் எங்களுக்கு இருந்தது இந்த ஒரு வீடு. இதை விற்றால் வயல் பக்கம் கிடக்கும் சீதனக் காணியில் இரண்டு சின்ன வீடு எழுப்பலாம். ஒரு கோடிக்குக் குறைந்தால் இரண்டாவது வீட்டுக்குக் கூரை இல்லை. மூத்தவள் பஸ்மினாவுக்குப் பேசி முடித்தாயிற்று. இளையவளுக்கு நாலு சுவரை மட்டும் காட்ட எனக்கு மனமில்லை. ஒரு கோடி பத்து லட்சம் என்று சொல்லியிருந்தேன்.

பாஸைக் கண்டதும் என் மனைவி நஸீறாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"இவரா?" என்றாள் மெதுவாக.

"வரட்டும். சுவர் பொய் சொல்லாது" என்றேன்.

எனக்குப் பயமிருக்கவில்லை. அடுத்தவன் வீட்டில் முப்பது வருஷம் முதுகொடிந்தவன் நான். இந்த ஒரு வீட்டைத்தான் எனக்காகக் கட்டினேன். வேலைவிட்டு வந்து, பொழுது படும் வரை, ஒவ்வொரு கல்லாக வைத்தது. எந்தச் சட்டத்துக்குள் எத்தனை கம்பி என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன்.

அஸீஸா கத்தாரில் இருக்கும் புருஷனுக்குப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். வாங்குவது அவள் மகள் நஸ்லியாவுக்கு. வந்தவள் நேரே போய் ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பார்த்தாள். விஷயம் தெரிந்த பொம்பிளை.

பாஸ் ஹோலில் நின்று மேலே பார்த்தார். "தட்டுல வெடிப்பு இரிக்கி."

நான் தும்புத்தடியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். வெடிப்பு தடியோடு வந்துவிட்டது. "சிலந்திக் கூடு பாஸ்" என்றேன். அஸீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்குக் கோபம் ஏறியது. முன்சுவரில் நகத்தால் சுரண்டினார். "இது கடல் மண் போட்டுப் பூசின. நாளைக்கு உப்புப் பூக்கும், பெயின்ற் நிக்காது. எண்பதுக்கு மேல போகாதீங்க தங்கச்சி."

"ஆத்து மண் பாஸ். நம்பிக்கை இல்லாட்டி நக்கிப் பாருங்க."

"என்ன கதை இது? மரியாதையாக் கதை லெவ்வ!"

"மரியாதையாத்தான் சொல்றன். கடல் மண் எண்டா நாக்குக்குத் தெரியும்."

"நக்குங்களன் பாஸ்" என்றாள் அஸீஸா. "ஒங்களுக்கு ரெண்டாயிரம் தாற இதுகளப் பாக்கத்தானே."

அவர் நக்கவில்லை. அவர் சுரண்டிய இடத்தில் நானே நாக்கை வைத்துக் காட்டினேன். நஸீறா தலையில் கை வைத்தாள்.

பிறகு குளியலறையைத் திறந்து, அவர்கள் கேட்கும் முன் நானே சொன்னேன். "மாரியில இந்தத் தண்ணி சுணங்கித்தான் போகும். குழாய் சின்னன், அண்டைக்குக் காசில்ல. மாத்தத்தான் வேணும்." குறையை மறைத்து விற்ற காசு வயிற்றில் தங்காது என்பது என் நம்பிக்கை.

பாஸ் துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா? அவரே சொல்றாரு. இதுக்கு மட்டும் பதினஞ்சு லெச்சம் வெட்டணும்."

"ஒரு குழாய்க்கா?" என்றாள் அஸீஸா.

கடைசியாகக் குசினி. சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா பார்க்கவேண்டும், அலுமாரியை நகர்த்துங்கள் என்றாள். நானும் பாஸும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அந்த அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, இழுத்து முடித்த பிறகுதான் நினைத்தேன்.

சுவரில் ஆணியால் கீறிய கோடுகள். நாலு நட்டுக்கோடு, குறுக்கே ஒன்று. அப்படி ஒன்பது கட்டு, கடைசியில் தனியாக இரண்டு. எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறாம் வயதில், இளைய மகளின் கொப்பியில். அதற்கு முன் இந்தச் சுவர்தான் எனக்குக் கொப்பி. கூலி கிடைக்காமல் வந்த ஒவ்வொரு அந்தியிலும் ஒரு கீறல்.

"இது என்ன காக்கா? புள்ளையள் கிறுக்கினதா?" என்று அண்ணன் முறையில் என்னைக் கேட்டாள் அஸீஸா.

"இல்ல தங்கச்சி. நாப்பத்தேழு நாள் கூலி. ஒராள் தரவேண்டிக் கிடக்கு."

"வல்லாஹி? எத்தன வருசமா?"

"பதினேழு, பதினெட்டு இருக்கும்."

"ஆரு அந்த ஆள்?"

பாஸ் அலுமாரியின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். கோடுகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உதட்டில் தெரிந்தது. நஸீறா என்னைப் பார்த்தாள். சொல்லேன் என்று இருந்தது அந்தப் பார்வை. பெயரைச் சொன்னால் அவருடைய தொழில் அந்த இடத்திலேயே போகும். ஆனால் எனக்குத் தேவை வீடு விலை போவது. சண்டை நடந்த வீட்டை எந்தத் தாய் மகளுக்கு வாங்குவாள்?

"ஊர்லதான் இரிக்கிறாரு" என்றேன். "நல்ல வேலைகாரன். சுவரப் பாத்தா நல்லம், கெட்டம் எண்டு சரியாச் சொல்லக்கூடிய ஆள். கூலி குடுக்கத்தான் கை வராது."

அஸீஸா திரும்பினாள். "சரி பாஸ், நீங்க ஒங்கட வாயால சொல்லுங்க. இந்த வீடு எப்பிடி?"

அவர் சாவிக்கொத்தை எடுத்து அந்தக் கீறல்களுக்குப் பக்கத்தில் தட்டினார். மேலே தட்டினார், அடியில் குந்தித் தட்டினார். எல்லா இடமும் ஒரே சத்தம்.

"உள்ளுக்குப் பொள்ளல் இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். "ஈரமும் ஏறல்ல. கலவை சரியாப் போட்டிருக்காரு."

"வெல?"

சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். "ஒரு கோடிக்குக் கீழ கேக்கேலாது தங்கச்சி. குழாய்க்கு ஒரு லெச்சம் போதும்."

அதற்கு மேல் ஆண்கள் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. வீட்டு உறுதிப்பத்திரம் நஸீறாவின் பெயரில். வாங்கினால் நஸ்லியாவின் பெயரில். நஸீறாவும் அஸீஸாவும் அதே குசினியில் பிளேன்ரீயோடு இருந்து கதைத்தார்கள். வெளியே நின்ற எனக்கு, அக்கா முறையில் அஸீஸா கெஞ்சிய "அய்யோ ராத்தா" மட்டும் நாலு தடவை கேட்டது. முடிவில் ஒரு கோடி நாலு லட்சம். எங்கள் வீடுகள் எழும்பும் வரை எட்டு மாதம் வாடகையில்லாமல் இருக்கலாம் என்பதையும் நஸீறா வாங்கிவிட்டாள். அது எனக்குத் தோன்றியிருக்காது.

பாஸ் கேற்றடியில் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

"பேரச் சொல்லாததுக்குப் பெரிய உபகாரம். அந்த முப்பத்தையாயிரத்த நாளைக்கே தாறன். நாப்பதாவே தாறன்."

"நாப்பதுக்கு இண்டைக்கு எத்தன நாள் ஆள் பிடிக்கலாம் பாஸ்?"

மேசன் பிடித்தால் பத்து நாள் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

"நீங்க எடுத்தது நாள். எனக்கு நாளாத்தான் வேணும். நாப்பத்தேழு."

"பைத்தியமா லெவ்வ? அது ரெண்டு லெச்சத்துக்கு மேல போகும்!"

"அப்ப அதுதான் என்ட காசு."

அவர் தலைக்கவசத்தைப் போட்டார், கழற்றினார். "நாள எப்பிடிக் கேக்கிறாய்?"

"பூச்சு வேலைக்கு ரெண்டு மேசன அனுப்புங்க, இருபத்து மூண்டு நாள். அவனுகளுக்குக் கூலி அண்டண்டைக்குப் பொழுதுபட முந்தி கையில குடுக்கணும், நான் பாத்துக்கிட்டு நிப்பன். மிச்சம் ஒரு நாள். அதுக்கு நீங்க வரணும்."

"நானா?"

"நீங்கதான்."

ஜூலையில், புது வீடுகளின் சுவர் எழும்பியதும், ஆட்கள் வந்தார்கள். முதல் நாலு நாள் பாஸ் ஐந்து மணிக்கே கூலியோடு வந்தார். ஐந்தாம் நாள் பிந்தினார். நான் போன் எடுத்தேன், வந்தார். ஒரு நாளையும் நான் எங்கும் கீறி வைக்கவில்லை. கொப்பியில் ஆளுக்கொரு வரியாகத் திகதியோடு எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

இருபத்து நாலாம் நாள் காலை பாஸ் பூச்சுக் கரணையோடு வந்திறங்கினார், வெள்ளைச் சேட்டில்.

"கரண வேணாம் பாஸ்" என்று மண்வெட்டியைக் கொடுத்தேன். "அண்டைக்கு எனக்கு மேசன் வேலையா தந்தீங்க?"

இளையவளின் வீட்டு முன்படிக்குக் கலவை குழைத்தார். பத்து மணிக்குச் சேட்டைக் கழற்றிவிட்டார். பகலுக்கு நஸீறா மீனாணமும் சோறும் கொடுத்தனுப்பினாள். ஒரே தட்டத்தில் இருந்து சாப்பிட்டோம். அந்திக்குக் கை கழுவிக்கொண்டு, கொப்புளத்தைப் பார்த்தபடி கேட்டார். "கலவையில தண்ணி கொஞ்சம் கூடிட்டு. கண்டும் ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அத வெட்டிப்போட்டுத் திரும்ப ஒரு நாள் வரணும் எண்டுவீங்க. எனக்கு ஒங்கள்ட்ட மிச்ச நாள் இல்ல."

அவர் சிரித்தார். நான் கொப்பியை நீட்டினேன். நாற்பத்தேழாவது வரியில் கையெழுத்து வைத்தார். அதன் கீழே நான் 'தீர்ந்தது' என்று எழுதி, என் பெயரையும் போட்டேன்.